கடைசி ஓவர் வரை காத்திருக்க வேண்டாம்!

கபில்தேவைத் தெரியாதவர் உண்டா? 1983-ல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையைத் தூக்கிக் காட்டியவர். பந்து வீசினார், அடித்தார், ஓடினார். இரும்பு உடம்பு என்று பேர் எடுத்தவர். அவருக்கே மாரடைப்பு வந்தது.

2020 அக்டோபர் மாதம். டெல்லியில் நள்ளிரவு தாண்டி நெஞ்சு வலி. "விடியட்டும், பார்க்கலாம்" என்று அவர் புரண்டு படுக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ராத்திரியே அடைப்பைச் சரி செய்தார்கள். பிழைத்தார்.

அடுத்து இன்னொரு கேப்டன், கங்குலி. 2021 ஜனவரி 2-ந் தேதி வீட்டில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நெஞ்சில் ஏதோ செய்தது. அன்றே ஆஸ்பத்திரி, அன்றே ஸ்டென்ட். வயது 48தான்.

ஆடியவர்கள் கதை இது. உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கதை என்ன?

நாமக்கல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 11 மணி. வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. பகல் முழுக்க நாற்காலி. ராத்திரி டி.வி. முன்னால் இன்னொரு நாற்காலி. இன்னும் 2 ஓவர், 24 ரன் வேண்டும். சட்டை நனைந்துவிட்டது. இடது தோளில் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி பாரம்.

"ஏனுங்க, இப்படி வேர்த்து ஊத்துது? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திரலாமுங்க" என்கிறார் மனைவி.

"அட இரு புள்ள, வெறும் வாய்வு. ரெண்டே ஓவர்தான். பையனை ஒரு சோடா வாங்கிட்டு வரச் சொல்லு."

ரெண்டே ஓவராம்! நடுவில் விளம்பரம், ரிவியூ, கேப்டன் ஆள் மாற்றி நிறுத்துவது. சாமானியமாக முடியுமா? முடிந்த பிறகு பரிசளிப்பு. அதற்கும் பிறகு "படுத்தா சரியாப் போயிடும்".

இருதயத்து ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு நிமிஷம் தசை செத்துக்கொண்டே போகிறது. செத்த தசை திரும்பி வராது. முதல் ஒரு மணி நேரத்தைத்தான் டாக்டர்கள் பொன்னான நேரம் என்கிறார்கள். அந்தப் பொன்னை இருபதாவது ஓவருக்குத் தாரை வார்ப்பதா?

ஜெயித்தாலும் ஆபத்து

"மேட்ச் பார்த்தா மாரடைப்பு வருமா? கதை விடாதீங்க" என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜெர்மனிக்காரர்கள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து எண்ணினார்கள்.

2006-ல் அந்த நாட்டில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தது. மூனிக் நகர வட்டாரத்தில் இருதயக் கோளாறுக்கு அவசர சிகிச்சை பெற்றவர்களின் கணக்கை எடுத்து, முந்தைய வருடங்களோடு ஒப்பிட்டார்கள். ஜெர்மனி அணி ஆடிய 7 நாட்களில் வழக்கத்தைப் போல் 2.66 மடங்கு கேஸ்! ஆண்களை மட்டும் எடுத்தால் 3 மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இருதய நோய் இருந்தவர்களுக்கு 4 மடங்கு. ஆட்டம் தொடங்கி முதல் 2 மணி நேரத்துக்குள்தான் அதிகம் பேர் விழுந்தார்கள். 2008-ல் 'நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகை'யில் இந்தக் கணக்கு வெளிவந்தது.

அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தோற்ற துக்கத்தில் நெஞ்சு வெடித்தது என்று சினிமாவில் காட்டுவார்கள். அப்படி இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான், ஆட்டத்தின் இழுபறியில் வரும் பதட்டமே ஆளை வீழ்த்துகிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். இங்கிலாந்திலும் நடந்தது. 1998 ஜூன் 30-ந் தேதி அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற அன்றும், அடுத்த 2 நாட்களும் மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 25 சதவீதம் கூடினார்கள்.

பதட்டத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நாடி ஓடுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. குழாயில் ஏற்கெனவே படிந்த கொழுப்புத் திட்டு வெடித்தால் ரத்தம் அங்கே உறைந்து அடைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே என்ற வார்த்தைதான் முக்கியம். நல்ல ஆரோக்கியமான ஆள் மேட்ச் பார்த்துச் செத்துப் போவது அபூர்வம். மேட்ச் தீக்குச்சி மட்டுமே. மருந்தைச் சேர்த்து வைப்பது யார்? நாற்காலியும், சிகரெட்டும், பார்த்தே அறியாத சர்க்கரையும், மேட்ச் நேரத்தில் பிளேட் பிளேட்டாக இறங்கும் தட்டுவடை செட்டும், அதற்கு மேல் சில்லி சிக்கனும். தட்டுவடை செட்டைக் குறை சொன்னால் சேலத்தில் கல் எறிவார்கள். ஒரு பிளேட்டோடு நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறோம்!

260 மணி நேரம்!

2025 ஐ.பி.எல். போட்டியில் மொத்தம் 74 ஆட்டம். ஓர் ஆட்டம் மூன்றரை மணி என்று வைத்தாலும் சுமார் 260 மணி நேரம். தினம் 8 மணி நேரம் கடையில் நிற்கிறவருக்கு 32 நாள் உழைப்பு இது. மணிக்கு 4 கிலோ மீட்டர் வீதம் அந்த நேரத்தில் நடந்திருந்தால், சேலத்தில் இருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் சென்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அத்தனை ராத்திரி கண் விழித்தும் 2025-ல் சென்னை அணிக்குக் கிடைத்தது என்ன? 10 அணிகளில் பத்தாவது இடம். நாம் தூங்காமல் இருந்ததற்கு ஒன்பதாவது இடமாவது கொடுத்திருக்கக் கூடாதா?

மேட்சே பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை. சின்னப்பம்பட்டி பையன் நடராஜன் ஆஸ்திரேலியாவில் விக்கெட் எடுத்துவிட்டு 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் வைத்து இழுத்தார்களே, அந்தச் சந்தோஷத்துக்கு விலை உண்டா? நம் ஊர்க்காரன் ஆடினால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே நடராஜன் என்ன செய்தார் தெரியுமா? முழங்காலில் கோளாறு என்றதும், ஐ.பி.எல். பாதியில் இருந்தும் விலகி, 2021 ஏப்ரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆடுகிறவரே ஆட்டத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போகிறார். பார்க்கிறவருக்கு என்ன வந்தது?

உங்களுக்குப் பிடித்த அணிக்கு லீக்கில் 14 ஆட்டம். அதைப் பாருங்கள். மீதி 60 ஆட்டத்தை விட்டுவிட்டால் 210 மணி நேரம் கைக்கு வருகிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேட்ச் நேரம்கூட இல்லை! சேலம் காந்தி ஸ்டேடியத்தில் விடியற்காலை நடக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சட்டைப் பையில் மாத்திரை வைத்திருப்பவர்தான் எல்லோருக்கும் முன்னால் நடப்பார். அவருக்கு ஒரு தடவை வந்துவிட்டது. மற்றவர்களும் வந்த பிறகுதான் நடக்க வேண்டுமா?

வாய்வு அல்ல!

நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் - இதில் எது வந்தாலும் சோடா குடித்துப் பரீட்சை பார்க்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் களைப்புமாகக்கூட வரும். மொபெட்டை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். டவுனில் இருந்து தூரமாக இருக்கிறவர்களுக்கு ஒரு சேதி: 2023 ஜூனில் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதல் வேளைக்குக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு.

டி.வி. வைத்துக் கூட்டம் சேர்க்கும் டீக்கடைக்காரர்கள், ஓட்டல்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டி.வி.க்குக் கீழே 108 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாராவது நெஞ்சைப் பிடித்தால் "அண்ணே, ஸ்கோரை நாங்க பார்த்துச் சொல்றோம், நீங்க கிளம்புங்க" என்று கிளப்பி விடுங்கள்.

மாநகராட்சிக்கும் வேலை இருக்கிறது. நடக்கச் சொன்னால் ஜனங்கள் எங்கே நடப்பார்கள்? பிளாட்பாரத்தில் கடை, ரோட்டில் பஸ். சேலத்திலும் நாமக்கல்லிலும் பள்ளிக்கூட மைதானங்கள் சாயங்காலம் பூட்டிக் கிடக்கின்றன. 6 மணி முதல் 8 மணி வரை அவற்றைத் திறந்து விடலாம். ஒரு வாட்ச்மேன், நாலு விளக்கு, இதுதான் செலவு. அடுத்த ஐ.பி.எல். தொடங்குவதற்கு முன்னால் கமிஷனர்கள் சாவியை எடுத்துக் கொடுப்பார்களா?