அந்த சிமென்ட் மூட்டையை முதல்ல கீழ வைங்க

பழைய வீட்டுச் சுவர் ஓதம் காத்தால் நம்மாட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கொத்தனாரைக் கூப்பிடு, பழைய பூச்சைக் கொத்திப் போடு, சிமென்ட்டைப் பூசு, மேலே பளபளன்னு பிளாஸ்டிக் பெயிண்ட் அடி. வேலை முடிந்த அன்று வீட்டுக்காரர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். இரண்டு மழைக்காலம் போனதும் அதே இடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பும். உடனே என்ன செய்வார்? திரும்பவும் கொத்தனாரைக் கூப்பிடுவார். இந்தத் தடவை சிமென்ட்டோடு ஏதாவது ஒரு 'வாட்டர் ப்ரூஃப்' திரவமும் சேரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மருந்து என்று நினைத்து நோயையே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறீர்கள் என்று நான் சொன்னால், வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "ரெண்டு வருஷம் சிவில் படிச்சா பெரிய இன்ஜினியரா?" என்பது சித்தப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் சுவர் என் பக்கம் இருக்கிறதே, என்ன செய்ய?

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் அப்பாயி இருக்கும் வீடு 1930களில் கட்டியது. ஒன்றரை அடி கனத்தில் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரம், நடுவில் முற்றம், வாசலில் திண்ணை. கட்டும்போது ஒரு பிடி சிமென்ட் கூட உள்ளே போகவில்லை. அப்பாயி கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே கூடத்துச் சுவரில் கணுக்கால் உயரத்துக்கு மழைக்காலத்தில் ஈரம் தெரியுமாம். தை மாசம் காய்ந்துவிடும். சித்திரையில் வெள்ளையடிப்பார்கள். கதை முடிந்தது.

2019ல் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வீட்டைப் 'புதுப்பித்தார்கள்'. உள்ளே நான்கு அடி உயரத்துக்கு சிமென்ட் பூச்சு. வெளியே கொல்லையில் ஒரு சாண் மண் கூடத் தெரியாமல் பேவர் கல். செம்பருத்தி போனது, வாழை போனது, துணி துவைக்கிற கல் மட்டும் தப்பித்தது. காரணம் கேட்டால் "பாம்பு வரும்". (பாம்பு இப்போதும் வருகிறது. முன்பு மண்ணில் வந்தது, இப்போது கல் மேல் சொகுசாக வருகிறது.)

கணுக்கால் உயரத்தில் இருந்த ஈரம் இப்போது இடுப்பு வரைக்கும் ஏறியிருக்கிறது. ஸ்விட்ச் போர்டைத் தொடவே அப்பாயி பயப்படுகிறார்.

ஏன் ஏறியது? மண்ணெண்ணெய் விளக்குத் திரியை நினைத்துக் கொள்ளுங்கள். செங்கல்லும் அப்படித்தான், அடியில் இருக்கிற ஈரத்தை நுண்துளைகள் வழியே மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவரின் இரண்டு பக்கமும் ஆவியாகப் போய்க்கொண்டே இருப்பதால் தண்ணீர் உயரத்துக்கு ஏற முடியாது. கூடவே வரும் உப்பு பூச்சில் பூத்து, பூச்சு உதிரும். உதிரட்டுமே! பூச்சு உதிரத்தான் இருக்கிறது. செங்கல்லைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைக் கொடுப்பதுதான் அதன் வேலை. சில வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இடத்தில் மட்டும் பூசிக்கொள்ளலாம்.

அதன் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரம் சுலபமாக வெளியே வர முடியாது. வழி தேடி மேலே ஏறும், சிமென்ட் முடிகிற இடம் வரைக்கும். உப்பு இப்போது பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்கு உள்ளேயே பூக்கும், செங்கல்லை மாவாக்கும். கடைசியில் சிமென்ட் விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். எங்கள் கூடத்தில் விரல் முட்டியால் தட்டினால் 'பொத் பொத்' என்று கேட்கிறது. பின்னால் காலி. சுவருக்குள் நுழைந்திருக்கிற உத்தரத்தின் முனை எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் போகிறது. ஈரத்தில் ஊறிய மரம் என்றால் கரையானுக்கு விருந்து.

வெளியே போட்ட பேவர் கல்லும் இதே கூட்டணிதான். முன்பு கொல்லை மண் மழையைக் குடித்தது, வெயிலில் ஈரத்தை வெளியே விட்டது. இப்போது கல் மேல் விழுகிற தண்ணீர் நேராகச் சுவரோரம் போய் இறங்குகிறது. இறங்கிய ஈரம் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. அதற்கு இருக்கிற வசதியான வழி சுவர்தான். 2003ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் வீட்டிலும் சமர்த்தாக ஒரு குழி தோண்டினார்கள். 2019ல் அந்தக் குழி மேலேயே கல் பதித்தார்கள். இதை எழுதும்போது சிரிப்புதான் வருகிறது, வேறென்ன :-)

"சிமென்ட்தான் ஸ்ட்ராங்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆமாம், ஸ்ட்ராங்தான். அதுதான் பிரச்சினையே. பழைய செங்கல் மெத்தென்றது. வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும். அதன் மேல் அசையாத ஓட்டைப் போட்டால் விரிசல் விடும். மழைத்தண்ணீர் அந்த விரிசல் வழியாக உள்ளே போகும், ஆனால் திரும்பி வராது. சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தால் உள்ளே கரைந்த சுண்ணாம்பே மெல்லப் படிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824ல். மதுரையில் திருமலை நாயக்கர் மகால் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பியது 17ஆம் நூற்றாண்டில். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அங்கே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்து, தன் தாத்தா வீட்டில் சிமென்ட் பூசுகிறவர்களை என்ன சொல்ல?

என் வகுப்புத் தோழர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நாம் கான்கிரீட் கலவை விகிதத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சுண்ணாம்பு நீற்றுவது எப்படி என்று கேட்டால்? எனக்கே தெரியாது. ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனார் தாத்தாதான் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, தண்ணியில சுண்ணாம்பப் போடணும். சுண்ணாம்புல தண்ணிய ஊத்துனா மூஞ்சில தெறிக்கும்" என்பதுதான் முதல் பாடம். விளையாட்டில்லை, கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

போன மே மாதம் கூடத்தில் ஒரு ஆறடி நீளத்தை நானே எடுத்துக்கொண்டேன். உளியும் சுத்தியலும் வைத்து சிமென்ட்டைப் பெயர்த்து, சுவரைச் சும்மா ஒரு மாதம் காயவிட்டேன் (அப்பா இதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்). செங்கல்லைத் துடைப்பத்தால் தட்டி, தண்ணீர் தெளித்து, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளிக்கவிட்ட தண்ணீரில் குழைத்தோம். வீடே சாராயக்கடை மாதிரி மணந்தது, அது வேறு விஷயம். முதல் பூச்சு அப்படியே வெடித்துவிட்டது. ஜன்னல் வெயிலில் காயவிட்டது என் முட்டாள்தனம். சுண்ணாம்பு சீக்கிரம் காயக்கூடாது. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாக வேண்டும். அதற்கு ஈரமும் வேண்டும். இரண்டாவது தடவை மெல்லிசாக இரண்டு பூச்சு, மேலே நனைத்த சாக்கு. நின்றது. அதற்கு மேல் வெறும் சுண்ணாம்பு வெள்ளை, பெயிண்ட் இல்லை.

வெளியே அதே சுவரை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து மண்ணாக்கினேன். தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிற மாதிரி சரிவு, வீட்டுத் தளத்தைவிட மண் மட்டம் தாழ்வு. உள்ளே பூசுவதைவிட இந்த வேலைதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை நீட்டி, கல்லுக்கு அடியில் தேடிக் கண்டுபிடித்த பழைய குழியிலேயே விட்டேன். ஓதம் என்றதும் சுவரைப் பார்க்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய், முடிந்தால் மழையில் குடை பிடித்துக்கொண்டு, பாருங்கள்.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். "சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் எங்கே?" இல்லைதான். நாம் கூப்பிடுவதே இல்லை, பிறகு எப்படி இருப்பார்கள்? "நாள் ஆகும், கூலி ஜாஸ்தி." உண்மை. மொத்த வீட்டையும் கொத்தனாரை வைத்துச் செய்தால் கையைக் கடிக்கும். அதனால்தான் லீவுக்கு ஆறடி ஆறடியாக நாமே செய்யலாம் என்கிறேன். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சிமென்ட் மாதிரி அரை மணி நேரத்தில் கையில் இறுகி மானத்தை வாங்காது. புது கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு இந்தச் சண்டையில் வேலையில்லை, நீங்கள் சிமென்ட்டையே பூசிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி அடைமழை முடிந்து ஊருக்குப் போனேன். என் ஆறடியில் ஈரம் முழங்கால் வரை இறங்கியிருந்தது, கீழே கொஞ்சம் உப்பு பூத்திருந்தது. பக்கத்து சிமென்ட் பகுதியில் இடுப்புக்கும் மேலே. அப்பா இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் சித்தப்பாவுக்கு போன் போட்டு "அந்த பேவர் கல்லு பழசு யாராவது வாங்குவாங்களாடா?" என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. அப்பாயி அதற்குள் செம்பருத்திக் கன்று கேட்டு எதிர்வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.