அழுதால்தான் நடிகனா?

2023 ஜூன் கடைசியில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வெளியானது. படம் பார்த்தவர்கள் வடிவேலுவைக் கொண்டாடினார்கள். கொண்டாடப்பட வேண்டிய நடிப்புதான் அது; அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கொண்டாடிய விதம்தான் உறுத்தியது. 'வடிவேலுவுக்குள் இப்படி ஒரு நடிகர் இருந்தாரா' என்று வியந்தார்கள். 'இத்தனை வருஷமாக இவரைக் காமெடியிலேயே வீணடித்துவிட்டார்களே' என்று வருத்தப்பட்டார்கள். 'இதில்தான் மனுஷன் நடித்திருக்கிறார்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். டீக்கடைப் பேச்சில் தொடங்கி தொலைக்காட்சி விவாதம் வரை இதே பாட்டுத்தான்.

அப்படியானால் அதற்கு முந்தைய முப்பத்திரண்டு வருஷம் வடிவேலு செய்துகொண்டிருந்தது என்ன?

சிரிக்க வைப்பது பிழைப்பு, அழ வைப்பது கலை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. காமெடி நடிகன் என்றைக்காவது ஒருநாள் கண்ணீர் விட்டுக் காட்ட வேண்டும், அன்றுதான் அவனை நடிகன் என்று ஒப்புக்கொள்வோம் என்கிறது அது. இந்த நம்பிக்கை தவறு. பார்வையாளரின் ரசனைக் குறை என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறும் இல்லை. தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நடிகர்களில் சிலரை இது வாழ்நாள் முழுக்க இரண்டாம் பந்தியில் உட்கார வைத்திருக்கிறது.

முதலில் தகவல் பிழையைத் தீர்த்துவிடுவோம். ராஜ்கிரண் மூலமாக 1991-இல் 'என் ராசாவின் மனசிலே' படத்தில் அறிமுகமானார் வடிவேலு. அடுத்த வருஷமே 'தேவர் மகன்' வந்தது. அதில் அவர் இசக்கி. சின்ன ஐயா சொன்னார் என்பதற்காகப் பூட்டிய கோயிலைத் திறந்துவிட்டு, அதற்குத் தண்டனையாகக் கையையே இழக்கும் வேலைக்காரன். கையை இழந்தபின் இசக்கி பேசும் காட்சியை மறுபடி பாருங்கள். ஒப்பாரி கிடையாது. சாப்பாட்டுக்கும் மற்றதற்கும் இனி ஒரே கைதான் என்ற நடைமுறைக் கவலையை அந்த வெள்ளந்தி மனிதன் பேச்சுவாக்கில் சொல்கிறான். கேட்பவர் முகத்தில் சிரிப்பு வருவதும் தொண்டை அடைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. சிவாஜி கணேசனும் கமல்ஹாசனும் நிற்கும் படத்தில் புதுமுகம் ஒருவர் செய்த வேலை அது. மாரி செல்வராஜே இசை வெளியீட்டு விழாவில், இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்று சொன்னார். அந்த இயக்குநருக்கு இசக்கியிலேயே தெரிந்த நடிகர் நமக்கு 2023 வரை தெரியவில்லை என்றால் குறை நம் பார்வையில்தான் இருக்கிறது.

ஆனால் என் வாதம் இதோடு நின்றுவிட்டால், நானும் அதே நம்பிக்கைக்குத் துணை போனவன் ஆவேன். 'அவர் முன்பே அழ வைத்திருக்கிறார், ஆகவே அவர் நடிகர்' என்பதும் அழுகையைத்தானே அளவுகோலாக வைக்கிறது? இசக்கி என்ற பாத்திரமே வராமல் போயிருந்தாலும் வடிவேலு பெரிய நடிகர்தான். அதற்குச் சான்று அவருடைய காமெடியிலேயே இருக்கிறது.

நம் இலக்கண மரபு இதை நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. முதலில் நிற்பது நகை. அழுகை அதற்கு அடுத்தது. வரிசையைக் காட்டி நகைதான் உசத்தி என்று வாதாட நான் வரவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் எதிலிருந்து பிறக்கிறது என்று அந்த நூல் வகுக்கும் இடம்தான் முக்கியம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து அழுகை பிறக்கும். அவமானம், இழப்பு, பழைய நிலையிலிருந்து சரிவது, ஏழ்மை என்று இவற்றை இன்றைய தமிழில் சொல்லலாம்.

இப்போது தமிழ் சினிமாவின் சிறந்த நகைச்சுவைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அவற்றுக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பட்டியல். அழுகைக்கு உரிய சரக்கை எடுத்து, அதிலிருந்து சிரிப்பை உண்டாக்கியிருக்கிறார்கள்.

1965-இல் வந்த 'திருவிளையாட'லில் நாகேஷ் செய்த தருமியை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் ஆயிரம் பொற்காசு அறிவிக்கிறான். பாட்டு எழுத வராத ஏழைப் புலவன் கோயிலில் நின்று தனியாகப் புலம்புகிறான். இரவல் பாட்டோடு சபைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் நக்கீரரிடம் மாட்டிக்கொண்டு திரும்புகிறான். வறுமையும் இளிவும் சேர்ந்த கதை இது. யார் நடித்திருந்தாலும் அழுது தீர்த்திருக்கலாம். நாகேஷ் ஒரு துளி கண்ணீர் இல்லாமல் செய்தார். தளர்ந்த உடம்பு, அலைபாயும் கை, காசு போய்விடுமோ என்ற பதற்றத்தில் ஏறி இறங்கும் குரல். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனால் அவன் பசித்தவன் என்பதை ஒரு நொடிகூட மறப்பதில்லை. எதிரே சிவனாக நிற்பவர் சிவாஜி. அந்தக் காட்சியை இன்று வரை நினைவில் நிறுத்துபவர் தருமி.

வடிவேலுவின் வழியும் இதுதான். சேரனின் 'வெற்றிக் கொடி கட்டு' (2000) படத்தில் துபாய் பெருமை பேசும் ஆளாக வருவார். வெளிநாடு போய்வந்த பவிசை ஊரார் நம்ப வேண்டுமே என்ற தவிப்பு அந்தப் பேச்சு முழுக்க ஓடுகிறது. 'தலைநகரம்' (2006) படத்து நாய் சேகர், தன்னையும் ரவுடியாக ஒப்புக்கொண்டு ஜீப்பில் ஏற்றச் சொல்லி போலீஸிடம் மல்லுக்கட்டுகிறான். யாரும் பொருட்படுத்தாத ஒருவனுக்குக் கைதாவதுகூட அந்தஸ்தாகத் தெரிகிறது. 'வின்னர்' (2003) கைப்புள்ளைக்கு ஒரு சங்கமே இருக்கிறது, மரியாதைதான் இல்லை. மதுரையிலிருந்து வந்த இந்த நடிகர் தமிழ்நாட்டுச் சாதாரண மனிதனின் மானப் பிரச்சினையை விதவிதமான உடம்புகளில் ஏற்றிக் காட்டினார். அடி வாங்கிவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடக்கிற அந்த நடையில் எத்தனை பேருடைய வாழ்க்கை இருக்கிறது!

தொழில் நுணுக்கத்தையும் பார்க்க வேண்டும். சித்திக் இயக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுகிறது. சுத்தியல் விழும் நொடிக்கும் ஆள் சரியும் நொடிக்கும் நடுவில் வடிவேலுவின் முகத்தில் நடப்பதுதான் அந்தக் காட்சி. ஒரு விநாடி முந்தினால் அது வெறும் விபத்து. ஒரு விநாடி பிந்தினால் மிகை. பதினெட்டு வருஷம் கழித்து, 2019 மே மாதத்தில், அந்த நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. விளையாட்டாகத் தொடங்கியது என்றாலும், கதாநாயகர்களின் எத்தனை கண்ணீர்க் காட்சிகளுக்கு அப்படியொரு ஆயுள் வாய்த்திருக்கிறது?

அழுகைக் காட்சிக்குத் துணை நிற்க ஆட்கள் உண்டு. பின்னணி இசை தாங்கும். குளோசப் தாங்கும். கதை முன்கூட்டியே நம்மைத் தயார் செய்து வைத்திருக்கும். நடிகர் கொஞ்சம் சறுக்கினாலும் தாய் இறந்த காட்சியில் பார்வையாளர் கலங்கத்தான் செய்வார். சிரிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தியேட்டர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடும்: சிரித்தார்கள் அல்லது சிரிக்கவில்லை. மரியாதைக்காகக் கண் கலங்குபவர் உண்டு. மரியாதைக்காக ஆயிரம் பேர் சேர்ந்து வெடித்துச் சிரித்ததாக எங்கும் இல்லை. அதோடு காமெடி நடிகன் எதிராளியை நம்பியே வாழ வேண்டியவன். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் சொல்லும் பேய்க் கதை பாலையாவின் முகத்தில்தான் முழுமை அடைகிறது. தான் பேசாத நேரத்தில் எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்களின் கலை அது.

இவ்வளவு இருந்தும் விருதுகள் என்ன செய்தன? 1994-இல் நாகேஷ் நடித்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணமாக நடித்தார். பேச்சு இல்லை, பார்வை இல்லை, அசைவு இல்லை. மற்றவர்கள் இழுத்துப் புரட்டும் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு அரங்கைச் சிரிப்பில் அதிர வைத்தார். 'நம்மவர்' படத்தில் மகளைத் தற்கொலைக்குப் பறிகொடுக்கும் பேராசிரியராக நடித்தார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது இரண்டாவதற்கு. அந்த நடிப்பு விருதுக்குத் தகுதியானதுதான். ஆனால் 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்', 'தில்லானா மோகனாம்பாள்' என்று நடித்துத் தள்ளிய மனிதருக்கு, அழுத பிறகுதான் டெல்லியிலிருந்து அந்த அங்கீகாரம் வந்தது என்பது நமக்குப் பெருமை தருகிற செய்தியா?

கேரளத்திலும் கதை இதுதான். சலீம் குமாரும் சுராஜ் வெஞ்ஞாறமூடும் வருஷக்கணக்காக மலையாளிகளைச் சிரிக்க வைத்தவர்கள். முன்னவருக்கு 2010-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது 'ஆதாமின்டெ மகன் அபு' படத்துக்கு. பின்னவருக்கு 2013-ஆம் ஆண்டுக்கான விருது 'பேரறியாதவர்' படத்துக்கு. இரண்டும் சிரிப்பிலிருந்து விலகி நின்ற பாத்திரங்கள்.

தமிழக அரசு விருதில் சிறந்த நகைச்சுவை நடிகர் என்று தனிப் பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தனிப் பிரிவுதான் தனிப் பந்தியாகவும் ஆகிவிட்டது. சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006) படத்தில் கதாநாயகன் வடிவேலு. ஒருவருக்கு இரண்டு வேடம். கூனிக் குறுகி, கண்ணை உருட்டி, தன் நாட்டையே விற்கத் துணிந்த கோழை புலிகேசி. நெஞ்சு நிமிர்ந்து, குரல் தாழ்ந்து நிற்கும் உக்கிரபுத்தன். ஒருவன் இன்னொருவனாக வேஷம் போடும் இடங்களில், நடிப்புக்குள் நடிப்பு. முழுப் படத்தையும் தோளில் சுமந்த அந்த வேலைக்கும் கிடைத்தது நகைச்சுவை நடிகர் விருதுதான்.

விருது போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கேடு வேறு. காமெடியில் சிகரம் தொட்டவர்கள்கூட அதை ஒரு படிக்கட்டாகவே நினைக்கும்படி ஆகிவிட்டது. சந்தானம் கதாநாயகன் ஆனார். சூரி 'விடுதலை'யில் நன்றாக நடித்தபோது, அவர் ஏதோ சிறையிலிருந்து விடுபட்டு வந்ததுபோல் நாம் வாழ்த்தினோம். புதிதாக வருகிற பையனுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: சிரிக்க வை, பெயர் வாங்கு, சீக்கிரம் வெளியேறு. அப்புறம் 'இப்போதெல்லாம் படங்களில் காமெடியே இல்லை' என்று புலம்புகிறோம். இந்த அளவுகோலில் கவுண்டமணி எங்கே நிற்பார்? கண்ணீர்ப் பாத்திரத்தால் பெயர் வாங்கியவர் இல்லையே அவர். அவரை நடிகர் இல்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு?

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு கேள்வி உண்டு. வடிவேலுவின் காமெடியில் பாதி, அடி வாங்குவதும் நிறத்தைக் கேலி செய்வதும் பெண்களை மட்டம் தட்டுவதும்தானே என்பார்கள். அப்படிப்பட்ட காட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மட்டமான அழுகைப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தும் அழுகை என்ற சுவை தாழ்ந்துவிடவில்லையே? மேலும், அந்த மட்டமான காமெடிகள் இவ்வளவு காலம் தட்டிக் கேட்கப்படாமல் ஓடியதே நம் அலட்சியத்தால்தான். 'காமெடிதானே' என்று ஒதுக்கியதால் அதை யாரும் விமர்சிக்கவில்லை. நாலு பக்க விமர்சனத்தில் காமெடிக்கு ஒரு வரி. கலை என்று ஒப்புக்கொண்டால்தான் நல்லதைப் போற்றவும் கெட்டதைக் கண்டிக்கவும் முடியும்.

கடைசியாக மாமன்னனுக்கே வருகிறேன். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் ஆதிக்கக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நிற்கிற அந்த மனிதரின் உடம்பை வடிவேலு எங்கே கற்றார்? வலியவன் முன்னால் தோள் எவ்வளவு குறுகும், கை எங்கே போய் ஒடுங்கும், குரல் எப்போது உள்வாங்கும் என்பதெல்லாம் நேசமணியிலும் நாய் சேகரிலும் கைப்புள்ளையிலும் அவர் முப்பது வருஷம் பயின்ற பாடம். அங்கே அதைச் சிரிப்பாகத் திறந்துவிட்டார். இங்கே திறக்காமல் அடக்கி வைத்தார். கருவி ஒன்றுதான், கை ஒன்றுதான். காமெடியை விட்டு விலகியதால் அவர் மாமன்னன் ஆகவில்லை. காமெடியில் தேர்ந்ததால் ஆனார்.

ஆகவே, மாமன்னனைப் பாராட்டும்போது அதற்கு முந்தைய படங்களைக் குறைத்துப் பேசுவதை நிறுத்துவோம். விருதுக் குழுக்கள், சிரிக்க வைத்த நடிப்பையும் சிறந்த நடிகர் பட்டியலில் வைத்து எடைபோடட்டும். விமர்சகர்கள் அழுகைக் காட்சிக்குச் செலவிடும் பத்தியைச் சிரிப்புக் காட்சிக்கும் செலவிடட்டும். நம்மை இத்தனை வருஷம் சிரிக்க வைத்தவர்களிடம் இனி நடிகன் என்பதற்குச் சாட்சி கேட்கக் கூடாது. அவர்கள் அதைப் படத்துக்குப் படம் கொடுத்தாயிற்று.