நிகர எடை

சென்ற டிசம்பரில் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேக் அலங்காரப் போட்டி நடந்தது. என்னை நடுவர்களில் ஒருவராகக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். இதைச் சொன்னதும் இலக்கிய நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவர், ‘புதுக்கவிதையிலிருந்து புதுக்கேக்குக்கா?’ என்று கேட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இது நண்பர்களுக்கு எதிராக மட்டும் எழுதப்படுவதல்ல. அன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போட்டவனுக்கு எதிராகவும்தான்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் விமர்சனப் புலமை அல்ல. நான் வங்கி குமாஸ்தா. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற பெண்களில் சிலர், ஓவனும் மிக்ஸரும் வாங்க முத்ரா திட்டத்தில் சிசுக் கடனுக்கு - 50,000 ரூபாய் வரை கிடைப்பது - எங்கள் கிளைக்கு வந்தவர்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ‘பேங்க் சார்’ ஏதோ எழுதுகிறவரும்கூட என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

போட்டிக்குக் கொடுத்திருந்த தலைப்பு ‘வேற்றுலகம்’. இருபதுக்கு மேற்பட்ட கேக்குகள். ஹாரி பாட்டரின் பள்ளிக்கூடம் இரண்டு. ‘அவதார்’ படத்து நீல மனிதர்கள். நட்சத்திரப் போர்க் கப்பல் ஒன்று. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய விக்ரம் லாண்டர், வெள்ளித்தாள் போலப் பளபளக்கும் சர்க்கரையில். நடுவில், மூன்றரை அடி உயரத்தில் ஒரு டிராகன்.

அந்த டிராகனைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அதன் செதில் ஒவ்வொன்றும் ஃபாண்டன்ட்டில் தனித்தனியாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. வாயிலிருந்து வரும் தீ, ஐசோமால்ட்டைக் காய்ச்சி இழுத்த சர்க்கரைக் கண்ணாடி. பின்னால் ஒரு சின்ன பல்பு. சிறகுக்குள் இருந்த கம்பிச் சட்டத்தைச் செய்தவரின் கணவர், எஸ்டேட்டில் தாம் வேலை பார்க்கும் பட்டறையில் வளைத்துக் கொடுத்திருந்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து லேத்தும் வார்ப்பும் இந்த வட்டாரத்துக்குக் கைவந்தவை. ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். பாடியில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கே பிரிட்டானியா என்று பெயர். இரும்பையும் மாவையும் தெரிந்த கைகள். இந்தக் கைத்திறனைப் பார்த்துச் சிரிக்கிற நண்பர்கள், தங்கள் கவிதையில் ஒரு வாக்கியத்தைக்கூட இவ்வளவு பொறுப்போடு பொருத்தியதில்லை.

மார்க் தாளில் ஐந்து கட்டங்கள். நேர்த்தி, கடினம், நிறம், தலைப்புப் பொருத்தம், காட்சி அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து. டிராகனுக்கு நான் 47 போட்டேன். போட்டுவிட்டு, சம்பிரதாயமாக, ‘உள்ளே என்ன கேக்?’ என்று கேட்டேன்.

‘உள்ளே தெர்மகோல் சார். டம்மிதான். ரூல்ஸ்ல உண்டு.’

உண்டுதான். வெளிநாட்டுப் போட்டிகளிலும் டம்மிக்கு அனுமதி உண்டு. அதற்கு நியாயமும் இருக்கிறது: நிஜக் கேக் கனக்கும், சரியும், இரண்டு நாளில் கெடும். நம் ஊர் ஈரக் காற்றில் ஐசிங் வியர்க்கும். தெர்மகோலுக்கு வியர்வை இல்லை. இதை மேல்நாட்டு மோகம் என்றும் தள்ளிவிட முடியாது. நம் கல்யாண வீடுகளில் பருப்புத் தேங்காய்க் கூம்பும் சீர்த்தட்டுக் கூம்பும் உள்ளே அட்டையும் தெர்மகோலுமாகி ரொம்ப நாளாகிவிட்டது.

சர்க்கரையில் உலகத்தைக் கட்டுவது புதிதும் அல்ல. பாரிஸில் 1833இல் செத்துப்போன கரேம் என்ற சமையல்காரர், நூலகத்தில் உட்கார்ந்து கட்டடக்கலைப் படங்களைப் பார்த்து, இடிந்த கோயில்களையும் சீன மண்டபங்களையும் சர்க்கரையில் எழுப்பினார். 1815இல் அந்த வடிவங்களைப் புத்தகமாகவே போட்டார். பெங்களூரில் 1970களின் நடுவில் தொடங்கிய கேக் கண்காட்சி இன்றும் டிசம்பர்தோறும் நடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் சர்க்கரைக் கோட்டைகளைப் பார்க்கிறார்கள். புனேயைச் சேர்ந்த பிராச்சி தபல் தேப், முட்டை சேர்க்காத ராயல் ஐசிங்கில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொருத்தி, 100 கிலோவில் மிலான் தேவாலயத்தைக் கட்டி 2022இல் சாதனைப் புத்தகத்தில் ஏறினார். மாரடோனா இறந்ததற்கு அடுத்த மாதம், 2020 டிசம்பரில், ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரி அவரை ஆறடிக் கேக்காக வாசலில் நிறுத்தியது. 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. மாரடோனாவின் முகம் அதில் எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. நம் பத்திரிகைகளுக்குக் கலையை நிறுத்துப் பார்க்கத்தான் தெரியும். நாவலையும் பக்கக் கணக்கில்தானே பாராட்டுகிறார்கள்.

ஆனாலும் புனேக்காரர் செய்த தேவாலயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது ஐசிங்கில் கட்டிய சிற்பம். கேக் என்று சத்தியம் செய்துகொண்டு உள்ளே வேறொன்றை வைத்துக்கொண்டிருக்கவில்லை. என் சண்டை, மேலே ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருந்துகொண்டு, மேலே இருப்பதற்காக மட்டும் மார்க் வாங்குகிற சமாசாரத்தோடு.

எங்கள் கிளைக்கு நகைக் கடனுக்காக மதிப்பீட்டாளர் ஒருவர் வருகிறார். அட்டிகையை நிறுப்பார். உரைகல்லில் உரசி ஆசிட் வைப்பார். அதோடு விடமாட்டார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். ‘அரக்கக் கழிச்சிடுங்க சார், கல்லயும் கழிச்சிடுங்க’ என்பார். மொத்த எடை ஒரு கட்டத்தில், நிகர எடை வேறு கட்டத்தில். கடன் நிகர எடைக்குத்தான். வேலைப்பாட்டுக்கு வங்கி காலணா தராது. அது அநியாயம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன், வேலைப்பாடும் மதிப்புத்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான், சனிக்கிழமை ஒரு மண்டபத்துக்குப் போய் மொத்த எடைக்கு மார்க் போட்டுவிட்டு வந்தேன்.

நண்பர்கள் இரண்டு விதமாக மறுத்தார்கள். முதல் வகை: இதெல்லாம் தப்பித்தல், டிராகனும் விண்கப்பலும் மத்தியதர வர்க்கத்தின் பகல் கனவு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏரிக்குள் மனை வாங்கி, மழைக்கு மழை படகில் வெளியேறுகிற ஒரு வட்டாரம் வேற்றுலகத்தைக் கற்பனை செய்யாமல் வேறென்ன செய்யும்? இரண்டாம் வகை: டிராகன் எதற்கு, நம்மிடம் யாளி இல்லையா, புருஷாமிருகம் இல்லையா, புஷ்பக விமானம் இல்லையா? இது இன்னும் மோசம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்த டிராகனுக்குப் பதில் கோயில் தூணிலிருந்து எடுத்த யாளியை வைத்துவிட்டால் கடன் வாங்கிய இடம்தான் மாறுகிறது. உள்ளே அதே தெர்மகோல். சுஜாதாவின் ஜீனோ நாய்க்குட்டியைக்கூட அன்று யாரும் செய்திருக்கவில்லை. செய்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் கோல்ரிட்ஜை ஒரு பரீட்சைக் கேள்வியாகக் கடந்து வந்திருப்பார்கள். 1817இல் அவர் ஒரு கோடு போட்டார்: ஏற்கெனவே தயாராக இருக்கும் துண்டுகளை எடுத்துப் புது வரிசையில் அடுக்குவது ஒன்று, இருப்பதைக் கரைத்து அதிலிருந்து புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பது மற்றொன்று. முதலாவதை ஜோடனை என்றும் இரண்டாவதை சிருஷ்டி என்றும் தமிழில் சொல்லலாம். மார்க் வாங்குவதற்காக இதை நெட்டுருப் போட்டேன். அது என்ன என்று அன்று மாலைதான் பார்த்தேன்.

கடைசி மேஜையில் ஒரு கேக். ஒரு முழ நீளச் செவ்வகம். மேலே பாசி நிறத்தில் ஜெல்லி, லேசாக அலை தட்டியிருந்தது. அதற்கு நடுவில் சாக்லேட்டில் செய்த மொபைல் டவரின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தும் இருந்தது. முன்னால் வைத்திருந்த அட்டையில் ‘எங்க ஏரியா’ என்று எழுதியிருந்தது. இதில் வேற்றுலகம் எங்கே என்று இன்னொரு நடுவர் கேட்டார். நானும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு தலைப்புப் பொருத்தத்துக்கு இரண்டு, கடினத்துக்கு மூன்று, மொத்தம் 19 போட்டேன். டிராகன் முதல் பரிசு வாங்கியது. போட்டோ எடுத்தார்கள்.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண், கேக் பலகையைத் திருப்பிக் கொண்டுபோகவேண்டும் என்பதற்காக, சுற்றி நின்ற குழந்தைகளுக்குக் கேக்கை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் துண்டு சாய்ந்து விழுந்தது. கருப்பட்டி நிறக் கேக்குக்கு நடுவில், செங்கல் நிறத்தில், ஓட்டுக்கூரையும் கதவுமாக ஒரு வீடு. அடுத்த துண்டில் இன்னொரு வீடு. துண்டுக்கு ஒரு வீடாக வந்துகொண்டே இருந்தது. செங்கல் நிற ஸ்பாஞ்சை முதலில் தனியாகச் சுட்டு, வீடு வடிவத்தில் வெட்டி, தகரத்தில் வரிசையாக நிறுத்தி, மேலே வேறு மாவை ஊற்றி மறுபடி சுட்டிருக்கிறார். மேலே தெரிந்தது ஏரி. அடியில் ஒரு தெரு முழுவதும் முழுகிக் கிடந்திருக்கிறது.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று சொல்லிக்கொண்டு, கரை எது மனை எது என்று தெரியாமல் வாழ்கிறவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு நிச்சயமாக வேண்டாம். ஏரி தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு வருகிற ஒரு காலம் அந்தக் கேக்குக்குள் இருந்தது. எந்தப் படத்திலிருந்தும் எடுத்ததல்ல. மேலும், அது கேக்காக இருந்ததால் மட்டுமே சாத்தியமான ஒன்று. களிமண்ணிலோ தெர்மகோலிலோ செய்ய முடியாது. வெட்டினால்தான் ஊர் தெரியும். வெட்டினால் ஊர் அழியும். குழந்தைகள் ஆளுக்கொரு வீட்டைத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. சுக்கு வாசனை தூக்கலாக இருந்தது.

‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்றேன்.

‘வெட்டினாத்தான சார் தெரியும். யாரும் கேக்கலையே’ என்றார்.

மூன்று நடுவர்கள், ஒரு கத்தி இல்லை. தாளில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. தாளை நான் அச்சடிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாள் எனக்கு அந்நியமாகப் படவில்லை என்பதுதான் விஷயம். ரொம்ப வருஷமாக அதே தாளை வைத்துக்கொண்டுதான் கவிதைக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிமம் பத்து, இறுக்கம் பத்து, மௌனம் பத்து, புரியாமை பத்து.

வீட்டுக்கு வந்து சமீபத்துக் கவிதைத் தொகுப்புகள் ஐந்தாறை எடுத்து வரிசையாகப் படித்தேன். பறக்கும் மீன்கள், பேசும் நாற்காலிகள், நிலைக்கண்ணாடிக்குள் நுழைந்து திரும்பாத பூனைகள். செதிலுக்குச் செதில் நேர்த்தி. வெட்டிப் பார்த்தால் ஆளும் இல்லை, ஊரும் இல்லை, பயமும் இல்லை. மார்க்வெஸின் மாய யதார்த்தத்துக்கு அடியில் ஒரு வாழைத்தோட்டக் கம்பெனியும் அதற்காக ராணுவம் சுட்டுக் கொன்றவர்களும் இருந்தார்கள். நமக்கு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மட்டும் வந்து சேர்ந்தது. இந்தத் தொகுப்புகளில் ஒன்றுக்கு ‘அபாரமான மொழி ஆளுமை’ என்று இதே பக்கங்களில் எழுதியவன் நான்தான். எழுதியபோது அதன் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த வரியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உருவம் வேண்டாம், உள்ளடக்கம் போதும் என்று சொல்கிறேன் என யாரும் கொடி பிடிக்கவேண்டாம். ஏரி பற்றித் துண்டுப்பிரசுரம் எழுதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கேக்கில் உள்ளே இருந்ததும் வேலைப்பாடுதான். டிராகனைவிடக் கடினமான வேலைப்பாடு. ஓவனுக்குள் போன பிறகு கை வைக்க முடியாது. வீடு நின்றதா சரிந்ததா என்று வெட்டும்வரை செய்தவருக்கே தெரியாது. செய்கிறவருக்கு அந்த ஆபத்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டிராகன் செய்தவருக்கு அது இல்லை. நம் கவிஞர்களில் பலருக்கும் இல்லை. தெர்மகோல் சரியாது, வியர்க்காது, கெடாது. அதனால்தான் அதில் ஒன்றும் நடப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்த அநியாயத்தை இந்தக் கட்டுரை சரிசெய்யாது. பரிசுப் பணம் சிறியதுதான். ஆனால் ஒரு மாதத் தவணையாவது அடைந்திருக்கும். அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கப்போவதும் இல்லை. இந்த வருஷமும் நடுவராக வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மார்க் தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்க்கவேண்டும், நடுவர் மேஜையில் ஒரு கத்தி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் அதே நிபந்தனையைத்தான் வைக்கிறேன்.