ஊட்டி இ-பாஸ்: வண்டியை எண்ணுறாங்க சரி, வருமானத்தை எண்ணுறது யார்?

சீசன் நேரத்தில் ஊட்டிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், கல்லாறு தாண்டும்போதே பாதி டூர் முடிந்துவிடும். முன்னால் ஒரு வேன் கியர் மாற்ற முடியாமல் திணறும், பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுக்கும், பர்லியாறில் இருந்து குன்னூர் வரை வண்டி நகரவே நகராது. இந்த நெரிசலைக் குறைக்கத்தான் இ-பாஸ் வந்தது. ஆனால் இந்த நெரிசலில் தினமும் சிக்கித் தவிக்கும் நீலகிரி வியாபாரிகளே, இ-பாஸை ரத்து செய்யச் சொல்லி 2025 ஏப்ரல் 2-ம் தேதி மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடத்தினார்கள்.

கூட்டம் குறைந்தால் நிம்மதிதானே? அப்புறம் ஏன் எதிர்ப்பு?

கோர்ட் என்ன சொன்னது?

சீசன் காலத்தில் ஒரு நாளைக்கு சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாக சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்கு கொடுக்கப்பட்டது. இதில் கார்கள் மட்டுமே 11 ஆயிரத்துக்கும் மேல். 2024 ஏப்ரல் 29-ல் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மே 7 முதல் ஜூன் 30 வரை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்றது. அதே ஏப்ரல் கடைசியில்தான் ஊட்டியில் 29 டிகிரி வெயில் பதிவாகி ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் கிடையாது. விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. எத்தனை வண்டி வருகிறது, எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் அப்போதைய நோக்கம். ஒரு மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்பதை ஆய்வு செய்யும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது.

2025 மார்ச்சில்தான் எண்ணிக்கை வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வாகனங்கள், வார இறுதியில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு முறையே 4 ஆயிரம், 6 ஆயிரம். உள்ளூர் வாகனங்களுக்கும் அரசு பஸ், ரயிலில் வருகிறவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

டூரிஸ்ட்டை நம்பி நின்றது எப்படி?

எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும். நீலகிரி எப்போதுமே டூரிஸ்ட்டை மட்டும் நம்பிப் பிழைத்த மாவட்டம் இல்லை. தேயிலை இருந்தது, கேரட்டும் உருளைக்கிழங்கும் இருந்தன. 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு தொழிற்சாலையும் இருந்தது. கேமரா பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் ஊட்டியில் தயாரானது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் மாதச் சம்பளம்.

1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. தென்னிந்தியத் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியனே இல்லாமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகளுக்குக் கொழுந்து பறிக்கும் கூலி கொடுப்பதே பெரும்பாடானது. பிலிம் தொழிற்சாலையும் நலிந்தது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு யார் பிலிம் வாங்குவார்கள்? கடைசியில் அதுவும் மூடப்பட்டது.

இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் ஆரம்பித்த அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயும் நஷ்டத்தில் தள்ளாட ஆரம்பித்தது.

இதன் விளைவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படியே தெரியும். 2001-ல் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து வருஷத்தில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது. வேலை தேடிப் பலர் கோவைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் இறங்கிப் போனார்கள்.

ஊரிலேயே நின்றவர்களைப் பெரும்பாலும் தாங்கிப் பிடித்தது டூரிசம்தான். வங்கிக் கடனில் டாக்ஸி, வீட்டு மாடியில் ரெண்டு ரூம் கட்டி வாடகை, வர்க்கி பேக்கரி, சாக்லேட் கடை, தைலக் கடை என்று ஆளுக்கொரு வழி தேடிக்கொண்டார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதம் சம்பாதிப்பதை வைத்து மழைக்காலம் முழுக்கத் தள்ள வேண்டும். அந்த இரண்டு மாதத்தில்தான் வரம்பு வந்து விழுந்திருக்கிறது.

யார் வராமல் போகிறார்கள்?

வாகன வரம்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

பெரிய ரிசார்ட்டில் ரூம் போடுகிறவர் ஒரு மாதம் முன்னாலேயே திட்டமிடுவார், பாஸும் எடுத்துவிடுவார். பாஸ் கிடைக்காமல் நிற்பது பெரும்பாலும் "நாளைக்கு லீவு, போய்ட்டு வந்துடலாமா?" என்று சனிக்கிழமை ராத்திரி முடிவெடுக்கும் திருப்பூர், ஈரோடு குடும்பம். ரோட்டோரத்தில் வேகவைத்த சோளமும் கேரட்டும் வாங்குவதும், பேரம் பேசி ஸ்வெட்டர் எடுப்பதும் அதே குடும்பம்தான். வண்டி குறையும்போது முதல் அடி விழுவது சின்னக் கடைக்கு. ரிசார்ட்டுக்குக் கடைசியில் விழும், சில சமயம் விழாமலேயே போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டூரிஸ்ட் செலவழிக்கும் பணமெல்லாம் மலையிலேயே நின்றுவிடுவதில்லை. ஹோட்டல் முதலாளி வெளியூர் என்றால் லாபம் வெளியூருக்குப் போகும். வேன் கோவையில் இருந்து வந்தால் வாடகை கோவைக்கு. ரூம் புக்கிங் ஆப்பின் கமிஷன் எங்கே போகிறதோ, அது ஊட்டிக்கு வராது. மலைக்கு மிஞ்சுவது கூலி, குப்பை, தண்ணீர்ப் பஞ்சம்.

தண்ணீர்தான் இதில் பெரிய விஷயம். ஊட்டி நகரத்தின் முக்கியக் குடிநீர் ஆதாரம் பார்சன்ஸ் வேலி அணை. கோடையில் அணை இறங்கும் அதே நேரத்தில்தான் லாட்ஜ்கள் நிரம்புகின்றன. லாட்ஜ் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்துவிடும். பக்கத்துத் தெருவில் குடம் வைத்துக் காத்திருப்பவர் என்ன செய்வார்?

காடும் சும்மா இல்லை. சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை அறிவித்த அரசின் முடிவு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைக்கும்போது தடுக்காமல் விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி மூட வேண்டியதானது.

வரம்பு புதுசா?

உண்மையில் ஊட்டிக்கு வரம்பு ரொம்பப் பழசு. 1908-ல் ஊட்டி வரை வந்து சேர்ந்த மலை ரயிலில் அன்றிலிருந்து இன்று வரை சீட் இருக்கிற அளவுக்குத்தான் ஆள் ஏற முடியும். சீசனில் அந்த டிக்கெட் குதிரைக் கொம்பு. அதற்காக யாரும் கடையடைப்பு செய்ததில்லை. ஏனென்றால் ரயிலில் வந்து இறங்குகிறவருக்குக் கார் கிடையாது. ஆட்டோ பிடித்தாக வேண்டும், உள்ளூர் டாக்ஸி எடுத்தாக வேண்டும், பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டாக வேண்டும்.

இத்தாலியின் வெனிஸ் நகரமும் 2024 ஏப்ரலில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு, பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தது. பணம் வசூலானது. ஆனால் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லாததால் கூட்டம் எங்கே குறைந்தது என்று உள்ளூர்க்காரர்களே கேட்டார்கள். வெனிஸ் கட்டணம் வாங்கி, வரம்பு வைக்கவில்லை. நீலகிரி வரம்பு வைத்தது, அதனால் வருமானம் இழப்பவருக்கு வழி சொல்லவில்லை.

அந்த வழி உத்தரவிலேயே ஒளிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அரசு பஸ்ஸுக்கு பாஸ் வேண்டாம். 50 பேர் பத்துப் பன்னிரண்டு காரில் வருவதும் ஒரே பஸ்ஸில் வருவதும் சாலைக்கு ஒன்றல்ல, ஊட்டி டாக்ஸி டிரைவருக்கும் ஒன்றல்ல. பஸ்ஸில் வருகிறவர் தொட்டபெட்டாவுக்கு அவர் வண்டியில்தான் ஏறுவார். ஆனால் அதற்கு மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு நம்பி ஏறும் அளவுக்குப் பெரிய பார்க்கிங்கும், அடுத்தடுத்துப் பஸ்ஸும் வேண்டும். மேலே போனால் டாக்ஸிக்கு ஒரே மாதிரி, எழுதிப் போட்ட ரேட் வேண்டும். ரேட் விஷயத்தில் டூரிஸ்ட்டுகள் சொல்லும் புகார்களுக்கு ஊட்டி டிரைவர்களும் கொஞ்சம் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனில் கூட்டம் கோடையைவிடக் குறைவு. புது பஸ் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. செய்யத் தவறினால், அடுத்த ஏப்ரலில் பர்லியாறு செக்போஸ்ட்டில் மறுபடியும் அதே வரிசை, மேலே மறுபடியும் அதே கடையடைப்பு நோட்டீஸ்.