பக்கத்து அணில் பகையாளி அல்ல

தனித்து வாழும் விலங்குக்கு அண்டை அயல் என்றாலே பகை. பக்கத்தில் இருப்பது செத்தால் இதற்கு ஆதாயம். இயற்கைப் படங்கள் பலவும் இப்படித்தான் சொல்லிவந்திருக்கின்றன. கனடாவின் யூக்கான் பகுதியில் 1987 முதல் செவ்வணில்களைப் பின்தொடரும் ஆய்வாளர்களின் பதிவுகளோ இந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை.

எல்லை என்றால் ஓயாத சண்டை என்பது முதல் தவறு. கால் கிலோ எடைகூடத் தேறாத இந்த அணில், ஆணானாலும் பெண்ணானாலும், தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு தனியாகத்தான் வாழ்கிறது. உள்ளே அதன் களஞ்சியம். தலைமுறை தலைமுறையாகக் கொறித்துப்போட்ட செதில்கள் மேடிட்டுக் கிடக்க, அதற்குள் ஸ்ப்ரூஸ் மரத்தின் கூம்புக்காய்கள் புதைந்திருக்கும். குளிர்ச்சியும் ஈரமும் காய்கள் வெடித்துவிடாமல் காக்கின்றன. அப்படியொரு மேடு கிடைக்காத குட்டி முதல் பனிக்காலத்தைத் தாண்டுவது அரிது. உயிரே அடங்கிய இந்தச் சொத்தை அது கடித்துக் குதறியா காக்கிறது? இல்லை, பெரும்பாலும் குரலால்தான். கிலுகிலுப்பையை விடாமல் ஆட்டுவது போன்ற ஒரு சத்தம். நேருக்கு நேர் மல்லுக்கட்டுவது அபூர்வம். சுற்றிலும் பழகிய அயலார் இருந்துவிட்டால் அந்தச் சத்தமும் குறைகிறது, கூட்டில் இருக்கும் நேரம் கூடுகிறது.

அடுத்தது, அந்த ஆதாயக் கணக்கு. 22 ஆண்டுத் தரவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. நான்கு வயது அணிலுக்கு ஒரு வயது கூடும்போது, பிழைத்திருக்கும் வாய்ப்பு 68 விழுக்காட்டிலிருந்து 59ஆகக் குறைகிறது. பழைய அயலார் அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே இருந்தால் அது 74 விழுக்காடு! புதிதாக ஒருவன் வந்தால் எல்லைத் தகராறு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தீனிக்கும் ஓய்வுக்குமான பொழுது அதில் கரையும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அயலார் சொந்தக்காரர்களாக இருந்திருப்பார்கள் என்று சிலர் வாதிடலாம். அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். இரத்த உறவால் பிழைப்பு கூடவில்லை. நாள்பட்ட பழக்கத்தால் கூடியது. இதை நட்பு என்று மிகைப்படுத்தவும் வேண்டாம். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் இருப்பதே இரண்டுக்கும் லாபம், அவ்வளவுதான்.

தனிமை விரும்பியை எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஒன்றுதான் என்ற மூன்றாவது எண்ணம்தான் மிகப் பெரிய கேடு. தெற்குக் கலிஃபோர்னியாவில் அருகிவரும் ஸ்டீஃபன்ஸ் கங்காரு எலியும் தனித்து வாழ்வதே. அவற்றை வேறிடத்துக்கு மாற்றியபோது, ஒரு பகுதியைப் பழைய அண்டை எலிகளோடு சேர்த்தும், மற்றவற்றை அவை இல்லாமலும் விட்டுப் பார்த்தார்கள். சேர்ந்து போனவை தூரமாக அலையவில்லை, குறைவாகச் சண்டையிட்டன, தீனி தேடவும் வளை தோண்டவும் அவற்றுக்கு நேரம் இருந்தது. அதிகம் பிழைத்தன. 2012இல் வெளியான முடிவின்படி, அவை ஈன்ற குட்டிகள் 24 மடங்கு!

சாலைக்காகவும் குடியிருப்புக்காகவும் விலங்குகளை இடம் மாற்றுவோர் பரப்பளவையும் தீனியையும் மட்டும் அளந்தால் போதாது. எந்த விலங்கு எதற்கு அண்டை என்பதை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு கூண்டு வைக்கட்டும்.