வீரனுக்கு முன்னால் ஓடியவள்

அயர்லாந்தின் பழங்கதைகள் என்றதும் முதலில் வரும் பெயர் கூ ஹுலின். 17 வயதில் ஒரு படையையே தனியாளாக மறித்தவன். டப்ளின் தலைமை அஞ்சலகத்தில் நிற்கும் அவனுடைய வெண்கலச் சிலைதான் 1916 எழுச்சியின் நினைவுச் சின்னம். அந்த எழுச்சியை வெறுத்த, பிரிட்டனோடு இருக்க விரும்பிய தரப்பும் பெல்பாஸ்ட் சுவர்களில் அவனையே வரைந்தது. எதிரெதிர் முகாம்களுக்கும் அவன் நாயகன்.

தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கன்னாக்ட் அரசி மேவ் ஒரு காளைக்காகப் படையெடுத்து வந்தபோது அவன் ஏன் தனியாக நின்றான்? அல்ஸ்டரின் மற்ற வீரர்கள் எங்கே?

விடை மாகாவின் கதையில் இருக்கிறது. மனைவியை இழந்த ஒரு குடியானவனின் வீட்டுக்கு அவள் தானாக வருகிறாள். வீடு செழிக்கிறது. தன்னைப் பற்றி வெளியே பேசாதே என்று மட்டும் சொல்லி வைக்கிறாள். திருவிழாவில் அரசனின் குதிரைகளை எல்லோரும் புகழ, அவன் வாய் விடுகிறான்: என் மனைவி இவற்றைவிட வேகமாக ஓடுவாள். அரசன் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு அவளை வரவழைக்கிறான். அவளோ நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவம் முடியட்டும் என்று கெஞ்சுகிறாள். அரசன் மறுக்கிறான். உங்களையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்று கூட்டத்திடம் முறையிடுகிறாள். ஒருவரும் அசையவில்லை.

ஓடுகிறாள். குதிரைகளை வெல்கிறாள். எல்லைக்கோட்டிலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். பிறகு சபிக்கிறாள்: அல்ஸ்டருக்கு இக்கட்டு வரும்போதெல்லாம் அதன் ஆண்கள் பிரசவ வலியில் துடித்துக் கிடப்பார்கள். ஒன்பது தலைமுறைக்கு. கூ ஹுலினுக்கு அந்தச் சாபம் பலிக்கவில்லை. அதனால்தான் தனியாக நின்றான்.

சாபம் அரசனோடு நிற்கவில்லை என்பதைக் கவனிப்போம். வேடிக்கை பார்த்த கூட்டமும் அதில் அடக்கம். ஆணையிட்டவன் ஒருவன், அது நடக்க இடம் கொடுத்தது அத்தனை பேரின் மௌனம். 12ஆம் நூற்றாண்டு ஏட்டிலேயே இருக்கும் இந்தக் கதைக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

கதையிலும் குறை உண்டு. உயிரைப் பெற்றெடுக்கும் வலியை அது ஆண்களுக்கான இழிவாக, பலவீனமாக மாற்றுகிறது. வலியோடு ஓடி வென்றவள் பலவீனமானவளா? பாதிக்கப்பட்டவளுக்காகப் பேசும் கதையும் ஆதிக்கத்தின் மொழியில் பேசக்கூடும். அதையும் சேர்த்தே படிப்போம்.

இன்றும் ஆர்மா நகரின் பெயருக்கு ஐரிஷ் மொழியில் 'மாகாவின் மேடு' என்று பொருள். அதன் அருகே இருக்கும் பழைய தலைநகரம் எவின் மாகாவுக்கு 'மாகாவின் இரட்டையர்' என்று அந்தக் கதையே விளக்கம் சொல்கிறது. அவளை ஓடவிட்ட அரசர்களின் தலைநகரத்துக்கே அவள் பெயர்!

எந்தக் காவியத்தைக் கையில் எடுத்தாலும், வீரன் வருவதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டுவோம். யாரை ஓடவிட்டார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்போம்.