எந்தக் கணினிக்கு எந்தப் பதிப்பு?

“பைத்தானை நிறுவுங்கள். நம்பை நூலகத்தைச் சேருங்கள். ஒரு மாத மழையளவின் சராசரியைக் கணக்கிடுங்கள்.” கணினிப் பாடத்தில் இப்படி வேலை தருவதுண்டு. நூலகம் என்றால், பிறர் எழுதிவைத்து நாம் எடுத்தாளும் நிரல்களின் தொகுப்பு.

புதிய மடிக்கணினி உள்ளவருக்கு இது பத்து நிமிட வேலை. ஆனால் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத் தோட்டமொன்றில், அண்ணன் விட்டுச்சென்ற விண்டோஸ் 7 கணினியை வைத்திருக்கும் மாணவிக்கு? கைப்பேசித் தரவைச் செலவழித்துப் புதிய பைத்தானைப் பதிவிறக்குவார். நிறுவல் பாதியில் நின்றுவிடும். தனக்குக் கணினி வராது என்று அவர் முடிவு செய்துவிடக்கூடும். உண்மையில் குறை, தரப்பட்ட குறிப்பில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. மைக்ரோசாப்ட் ஆதரிக்கும் விண்டோஸ் பதிப்புகளையே புதிய பைத்தானும் ஆதரிக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தான் 3.9 அதில் இயங்காது. எனவே விண்டோஸ் 7-க்குப் பைத்தான் 3.8 தான் எல்லை. விண்டோஸ் 8.1-க்கு 3.12 வரை போகலாம். 3.13-க்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். நூலகமும் இதைப் பின்தொடரும்: பைத்தான் 3.8-க்கு நம்பை 1.24 வரைதான். ஆசிரியர் 2.0 கேட்டால் கிடைக்காது. ஆனால் மழையளவின் சராசரிக்கு 1.24 தாராளமாகப் போதும்.

தமிழுக்கு இது பழகிய சிக்கல். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோடு தமிழைச் சரியாகக் காண, மொழி அமைப்பில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து கூடுதல் கோப்புகளை நிறுவ வேண்டும். இல்லையேல் ‘கொ’ போன்ற எழுத்துகள் சிதறித் தெரியும். அந்த ஒரு படி தெரிந்தவர் தமிழில் படித்தார். தெரியாதவர் கணினியில் தமிழ் வராது என்று நினைத்தார்.

ஆகவே, வேலை தரும் ஆசிரியர்களும் கழகத் தலைவர்களும் நான்கு விவரங்களை எழுதித் தர வேண்டும்: எந்த இயங்குதளம், 32 பிட்டா 64 பிட்டா, எந்தப் பைத்தான், எந்த நூலகப் பதிப்பு. பதிவிறக்க அளவையும் சேர்த்தால் தரவு வீணாகாது.

மாணவர்களே, எழுதித் தரவில்லையென்றால் கேளுங்கள். ‘கம்ப்யூட்டர்’ படத்தின்மேல் வலச்சொடுக்கி ‘புரோப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்தால் முதல் இரண்டு விவரங்களும் தெரியும். ‘டிஎல்எல் கோப்பு இல்லை’ என்ற செய்தி வந்தால், அதைக் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள், நச்சுநிரல் ஒட்டிவரலாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அதில் நிரல் பழகுங்கள், வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய நிரலை நண்பருக்கு அனுப்பும்போதும் இந்த நான்கு விவரங்களையும் மேலே குறித்து அனுப்புங்கள்.